நெங்மியோனுக்கு நாவைப் பழக்குவது எப்படி?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கொரிய உணவு என்றால் பாக்கெட்டில் வரும் கார ராமியோன் நூடுல்ஸ், புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சி, பொரித்த கோழி ஆகிய மூன்றும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் வழியாக இம்மூன்றும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டன. அதே பிள்ளைகள் நம்மைப் பெங்களூருவில் ஒரு கொரிய உணவகத்துக்கு அழைத்துச் சென்று, எவர்சில்வர் கிண்ணத்தில் பனித்துகள் மிதக்கும் சாற்றையும், அதன் நடுவே கொண்டைபோல் சுருட்டி வைத்த மெல்லிய இழைகளையும், உச்சியில் பாதி முட்டையையும் முன்னால் வைக்கும்போது, நம்மில் பெரும்பாலோர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுகிறோம். முதல் முறை நானும் முக்கால் கிண்ணத்தை அப்படியே விட்டு எழுந்தேன். நான்காம் முறை கிண்ணத்தை இரு கைகளாலும் தூக்கி அடிச்சாறு வரை குடித்தேன். அந்த நான்கு முறைகளுக்கு இடையில் நான் எதையெல்லாம் மாற்றிக்கொண்டேன் என்பதை, இதைச் சுவைத்துப் பார்க்க விரும்பும் நம் ஊர்க்காரர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இந்த உணவின் பெயர் நெங்மியோன். நெங் என்றால் குளிர்ந்தது. மியோன் என்றால் நூடுல்ஸ். நமக்கு வரும் முதல் தடையே இந்த நூடுல்ஸ் என்னும் சொல்தான். அதைக் கேட்டதும் நாக்கு மசாலாவை எதிர்பார்க்கிறது. சூப் என்று கேட்டதும் ஆவி பறக்கும் சூட்டையும் மிளகின் காரத்தையும் எதிர்பார்க்கிறது. இரண்டும் இல்லாத ஒன்று வாய்க்குள் நுழையும்போது, இருப்பதை விட்டுவிட்டு இல்லாததையே நாக்கு தேடத் தொடங்குகிறது. ஆகவே உணவகத்துக்குக் கிளம்பும் முன்பே இவ்விரண்டு சொற்களையும் மனத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூழ் என்னும் சொல்லை வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முந்தைய நாள் மாலையில் காய்ச்சி வைத்த கேழ்வரகுக் கூழை மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்து வளர்ந்தவர்கள் நாம். மண்பானையில் ஊறிய பழைய சோற்றின் நீராகாரத்தைச் சித்திரை வெயிலில் சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறோம். அது குளிர்ந்திருந்தது, லேசாகப் புளித்திருந்தது, உப்பு மட்டுமே போட்டிருந்தது. அதில் காரம் இல்லையே என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. களியையும் நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் மருமகளாகவோ மருமகனாகவோ வருகிறவர்கள், களிக்குச் சுவையே இல்லை என்று முதல் மாதம் ஒதுக்கி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்களே கொள்ளுக் கடைசலுக்குக் களிதான் வேண்டும் என்கிறார்கள். அழுத்தமில்லாத சுவையை உணர்வதற்கு நாவுக்குச் சில தடவைகள் தேவைப்படுகின்றன என்பதை நாம் கண்ணெதிரே பார்த்தே இருக்கிறோம். நெங்மியோனுக்கும் அதே கணக்குதான்.

புளிப்பில் ஒரு வேறுபாடு உண்டு. நம் இரு மாவட்டங்களும் புளியமரங்களுக்குப் பெயர்பெற்றவை. நம் நாவுக்குப் புளிப்பு என்றால் கொதித்த புளியின் புளிப்பு. நெங்மியோன் சாற்றின் புளிப்பு தோங்சிமி என்னும் நீர்க்கிம்ச்சியிலிருந்து வருவது. முள்ளங்கியை உப்புநீரில் ஊறப் போட்டுத் தானாகவே புளிக்க விடுவார்கள். தயிரிலும் நீராகாரத்திலும் இருக்கும் லாக்டிக் அமிலம்தான் அந்த நீரிலும் சேர்கிறது. எனவே ரசத்தோடு ஒப்பிட்டால் அது நீர்த்துப்போனதாகத் தோன்றும். நீராகாரத்தோடு ஒப்பிட்டால் தெரிந்த சுவையாகவே தோன்றும்.

கிண்ணத்துக்குள் இருப்பது என்ன?

இழைகளின் முதன்மையான மாவு பொதுவாகப் பக்வீட். கொரிய மொழியில் மெமில் என்பார்கள். வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்குக் குட்டு என்னும் பெயரில் பயன்படுத்தும் மாவு இதுதான். பெயரில் வீட் என்று இருந்தாலும் இதற்கும் கோதுமைக்கும் உறவில்லை. கோதுமை மாவைப் பிடித்து வைக்கும் குளூட்டன் இதில் கிடையாது. அதனால் தனிப் பக்வீட் மாவில் செய்த இழை எளிதில் உடைந்துவிடும். இழை நிற்பதற்காக உருளைக்கிழங்கு அல்லது சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவைச் சேர்க்கிறார்கள். பிசைந்த மாவைத் துளையிட்ட அச்சில் வைத்து அழுத்தி, கொதிக்கும் நீருக்குள் நேராகவே பிழிந்து இறக்குவார்கள். நம் சேவை நாழியையும் இடியாப்ப அச்சையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவியை விளக்க வேண்டியதில்லை. பழைய கொரிய அச்சு மரத்தால் ஆனது. கைப்பிடி நீளமான நெம்புகோல். ஆள் ஏறி அழுத்தும் அளவுக்குப் பெரியது. வெந்த இழைகளை உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் பலமுறை அலசுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுப்பசை கழுவப்பட்டு, இழை இறுகி, மென்று தின்னும் பதத்துக்கு வருவது இந்த அலசலில்தான்.

சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை முழுக்க நீக்கி எடுத்தது. அதனுடன் தோங்சிமி நீரைக் கலப்பதுண்டு. பழைய முறையில் ஃபெசன்ட் என்னும் காட்டுக் கோழியினப் பறவையின் இறைச்சியையும் பயன்படுத்தினார்கள். மேலே வெள்ளரிக்காய், ஊறிய முள்ளங்கி, கொரியப் பேரிக்காய், மெல்லிய இறைச்சித் துண்டுகள், வேகவைத்த முட்டையில் பாதி ஆகியவற்றை அடுக்குவார்கள்.

கோடை உணவாக இன்று அறியப்படும் இது முதலில் குளிர்கால உணவு. 1849ஆம் ஆண்டில் ஹோங் சோக்மோ என்பவர் கொரியாவின் பருவகால வழக்கங்களைத் தொகுத்து எழுதிய நூலில், பக்வீட் இழைகளைக் கிம்ச்சி நீரில் இட்டுப் பன்றி இறைச்சி சேர்த்த நெங்மியோனைப் பதினோராம் மாதத்துக்குரிய உணவாகக் குறிப்பிட்டு, வடமேற்குப் பகுதியில் கிடைப்பதே சிறந்தது என்கிறார். பக்வீட் இலையுதிர் காலத்தில் அறுவடையாகிறது. தோங்சிமி பனிக்காலத்தில்தான் பக்குவமாகிறது. பனிக்கட்டியும் அப்போதுதான் இலவசம். வெளியே உறைபனி, உள்ளே அடுப்புப் புகைச்சூடு ஓடும் தரை, கையில் குளிர்ந்த கிண்ணம் என்று மக்கள் சாப்பிட்டார்கள். செயற்கைப் பனிக்கட்டியும் குளிர்பதன வசதியும் வந்த பிறகுதான் கோடைக்கு மாறியது. மார்கழி மாதத்தில் ஓசூர்ப் பக்கம் குளிர் கடிக்கும் நாளில் ஒரு முறை இதைச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பழைய வழக்கத்தின் நியாயம் எனக்கு விளங்கியது. வெயிலில் குளிர்ச்சி மட்டுமே நம் கவனத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்நாளில் இழையின் மணம் முன்னுக்கு வருகிறது.

எதில் தொடங்கி எதில் முடிப்பது?

உணவகப் பட்டியலில் பொதுவாக இரண்டு வகைகள் இருக்கும். முல் நெங்மியோன் சாற்றில் மிதப்பது. முல் என்றால் தண்ணீர். பிபிம் நெங்மியோன் சாறில்லாமல், மிளகாய் விழுதும் பூண்டும் நல்லெண்ணெயும் இனிப்பும் சேர்ந்த சிவப்புக் கலவையில் பிசைந்து சாப்பிடுவது. முன்னது வடகொரியத் தலைநகரான பியோங்யாங்கோடும், பின்னது வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ஹம்ஹுங் நகரோடும் தொடர்புடையது. ஹம்ஹுங் இழை பெரும்பாலும் கிழங்கு மாவில் ஆனதால் மெல்லியதாகவும் ரப்பர்போல் இழுபடுவதாகவும் இருக்கும். பியோங்யாங் இழையில் பக்வீட் மிகுதி. சற்றுத் தடிமனாக, கடித்தால் பட்டென்று அறுபடும். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் வடக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இவ்விரண்டையும் தெற்கில் மேலும் பரப்பினார்கள். பூசான் துறைமுகத்தில் தங்கியவர்கள் பக்வீட் கிடைக்காமல் உதவிப்பொருளாக வந்த கோதுமை மாவில் செய்துகொண்டது மில்மியோன் என்று இன்று தனி உணவாகிவிட்டது. தென்கோடியில் உள்ள ஜின்ஜு நகரில் கடலுணவுச் சாற்றில் செய்து, முட்டையில் தோய்த்துச் சுட்ட இறைச்சியை மேலே வைப்பார்கள்.

என் பரிந்துரை இது. முதல் வருகையில் பிபிம் நெங்மியோனை வாங்குங்கள். காரமும் இனிப்பும் நம் நாவுக்குத் தெரிந்தவை. அவற்றின் துணையோடு இழையின் பதத்தையும், குளிர்ந்த உணவு காரமாகவும் இருக்கலாம் என்பதையும் உடல் பழகிக்கொள்ளும். அதே வேளையில் உடன் வருபவரை முல் நெங்மியோன் வாங்கச் சொல்லி, அவர் கிண்ணத்திலிருந்து நான்கு கரண்டிச் சாறு மட்டும் வாங்கிக் குடியுங்கள். நான்கு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது முக்கியம். முழுக் கிண்ணத்தையும் கட்டாயப்படுத்திக் குடித்து முடித்தால், அடுத்த முறை அதன் பெயரைக் கேட்டதுமே வயிறு மறுத்துவிடும்.

இரண்டாம் வருகையில், மேசையிலேயே இறைச்சியைச் சுட்டுத் தரும் உணவகத்துக்குப் போங்கள். கொரியர்கள் அங்கே இறைச்சி தின்று முடிக்கும் நேரத்தில் நெங்மியோன் கேட்பார்கள். சூடான, கொழுப்பான இறைச்சித் துண்டைக் குளிர்ந்த இழைகளில் சுற்றி ஒரே வாயில் போடும்போது, இந்தச் சாறு ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்பது கேட்காமலே புரியும். எனக்குக் கதவு திறந்தது இந்த இரண்டாம் வருகையில்தான். இத்தகைய உணவகங்கள் தரும் சாறு பொதுவாகச் சற்று இனிப்பாகவும் புளிப்பாகவும் பனித்துகளோடும் இருக்கும், தொடக்கக்காரருக்கு ஏற்றது.

மூன்றாம் வருகையில் முல் நெங்மியோனை மட்டும் தனியாக, வேறெதுவும் இல்லாமல், நல்ல பசியோடு சாப்பிடுங்கள். பியோங்யாங் முறையில் செய்யும் இடம் கிடைத்தால், அதை நான்காம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இனிப்பும் பனித்துகளும் இல்லாமல், தெளிந்த நீர்போன்ற சாறு வரும். முதல் முறை அதைக் குடித்தபோது துணி அலசிய தண்ணீர்போல் இருந்தது என்று கொரியர்களே சொல்வதுண்டு. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அதுவே வேண்டுமென்று அலைவதாகவும் அவர்களே சொல்கிறார்கள். தென்கொரியத் தலைநகரான சோலில் உரேஓக் என்னும் உணவகம் 1946ஆம் ஆண்டிலிருந்து இந்தப் பியோங்யாங் சுவையை வழங்கி வருகிறது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்த விருந்தில், பியோங்யாங்கின் ஓக்ரியுக்வான் உணவகத்து நெங்மியோன் பரிமாறப்பட்டதும், தென்கொரிய நெங்மியோன் கடைகளின் முன் வரிசைகள் நீண்டன. பியோங்யாங் நெங்மியோன் வழக்கத்தை 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு மதிப்புக்குரிய சுவை முதல் வாயில் பிடிபடவில்லை என்றால், அதில் நம் நாவின் குறை ஒன்றும் இல்லை.

கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்கு இரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நெடுஞ்சாலைப் பேருந்தே வசதி. இவ்வளவு தூரம் போய் ஏமாறாமல் இருக்க, முதலில் தொலைபேசியில் அழைத்து நெங்மியோன் இன்று உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது கோடையில் மட்டும் கிடைக்கும். நான் ஒரு முறை கேட்காமல் போய், சூடான சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சாறு எதில் எடுக்கப்பட்டது என்று கட்டாயம் கேட்க வேண்டும். மேலே வைக்கும் இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொல்வது போதாது, ஏனென்றால் சாறே இறைச்சியின் சாறு. பிபிம் கலவையிலும் சில சமையலறைகளில் இறைச்சிச் சாற்றைச் சேர்க்கிறார்கள். சைவர்களுக்கு இன்னொரு தகவல்: கிம்ச்சியில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருப்பது வழக்கம். அவர்களுக்குக் கோங்குக்சு என்னும் குளிர்ந்த உணவு நல்ல மாற்று. சோயா மொச்சையை ஊறவைத்து, வேகவைத்து, அரைத்து எடுத்த பாலில் கோதுமை இழைகளை இட்டு, உப்பு மட்டும் சேர்த்துச் சாப்பிடுவது அது. முட்டையையும் நீக்கச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இராது. ஆனாலும் கேட்டே வாங்குங்கள். நெங்மியோனின் குளிர்ச்சியையும் மென்மையான சுவையையும் பழக இதுவே சைவர்களின் வாசல்.

பக்வீட் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். குட்டு மாவு சாப்பிட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தவர்கள் நெங்மியோனை அறவே தவிர்க்க வேண்டும்.

கிண்ணம் முன்னால் வந்த பிறகு

நல்ல உணவகம் முதலில் ஒரு கோப்பையில் சூடான ஒன்றைத் தரும். பக்வீட் வகை விற்கும் இடத்தில் அது இழை வெந்த நீர். ஹம்ஹுங் வகை விற்கும் இடத்தில் சூடான இறைச்சிச் சாறு. சோறு வடித்த கஞ்சியைக் குடிப்பதுபோல் அதை மெல்லக் குடியுங்கள். வயிறு குளிர்ச்சிக்குத் தயாராகும். பக்வீட்டின் மணமும் அறிமுகமாகிவிடும்.

பிறகு, எதையும் கலக்காமல், கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றை மூன்று வாய் குடியுங்கள். கொரியர்கள் பொதுவாகக் கிண்ணத்தை மேசையில் வைத்தே சாப்பிடுபவர்கள் என்றாலும், நெங்மியோன் சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. மதிப்பான இடங்களில் கிண்ணம் வெண்கலமாக இருக்கும். செம்பு 78 பங்கும் வெள்ளீயம் 22 பங்கும் கலந்து அடித்துச் செய்தது. நம் பாட்டிமார் வெண்கலப் பானையில் பொங்கல் வைத்த காரணத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கிண்ணத்தின் அருமை தெரியும். கையில் அதன் குளிர்ச்சி ஏறுவதும் இந்த உணவின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

முதல் வாயில் ஒன்றும் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. பொருள் குளிரக் குளிர, இனிப்பையும் இறைச்சிச் சாற்றின் ஆழ்ந்த சுவையையும் நாக்கு குறைவாகவே உணர்கிறது. மணமும் குறைவாகவே எழுகிறது. உருகிப்போன ஐஸ்கிரீம், உறைந்திருந்தபோது இருந்ததைவிட அதிகமாகத் தித்திப்பதைக் கவனித்திருப்பீர்கள். எனவே சாற்றை விழுங்கும் முன் இரண்டு மூன்று நொடிகள் வாயில் நிறுத்துங்கள். வாயின் சூட்டில் அது சற்று இளகியதும், முதலில் உப்பும், பிறகு மெல்லிய புளிப்பும், விழுங்கிய பின் தொண்டையில் இறைச்சியின் சுவையும் வரும். அந்தக் கடைசிச் சுவைக்காகத்தான் காத்திருக்க வேண்டும். பனித்துகள் அதிகமாக இருந்தால் அது உருகும்வரை பொறுங்கள், அல்லது ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது இழைகளைக் குச்சிகளால் பிரித்துச் சாற்றில் அலையவிடுங்கள். இழை நீளமாக இருந்தால் பரிமாறுபவர் கத்தரிக்கோலோடு வந்து வெட்டட்டுமா என்று கேட்பார். ஹம்ஹுங் இழையை ஒரே ஒரு முறை வெட்டிக்கொள்வதில் தவறில்லை. அது பல்லுக்கும் தொண்டைக்கும் நடுவே சிக்கிக்கொண்டு தொல்லை தரக்கூடியது. பியோங்யாங் இழையை வெட்டவே வேண்டாம், பல்லாலேயே அறுபடும். குச்சி பழகாதவர்கள் முள்கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சுவையைப் பழகும் நாளில் விரல்களையும் சேர்த்துப் பழக்க வேண்டியதில்லை. வாய் நிறைய எடுத்து, உறிஞ்சி, நன்றாக மென்று தின்னுங்கள். பக்வீட்டின் மணம் மெல்லும்போதுதான் வெளிப்படும். வறுத்த தானியத்தை நினைவூட்டும் அந்த மணம், கேழ்வரகு அரைக்கும் மாவு மில்லுக்குள் நின்றவர்களுக்குப் பிடிபட அதிக நேரம் ஆகாது.

கால் பங்கு சாப்பிட்ட பிறகு, மேசையில் உள்ள காடியையும் (வினிகர்) கடுகு விழுதையும் எடுங்கள். எடுத்த எடுப்பிலேயே இரண்டையும் ஊற்றிக் கலக்குவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன்; சாறு முழுவதும் காடியாகி, இனி திருத்த வழியில்லாமல் போனது. பியோங்யாங் பக்கம் காடியைச் சாற்றில் ஊற்றாமல், இழைகளைத் தூக்கி அவற்றின்மேல் தெளிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் இழைக்குப் புளிப்பு ஏறும், சாறு தெளிவாகவே இருக்கும். அரைக் கரண்டியில் தொடங்குங்கள்.

கடுகைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கடுகு என்றால் தாளிப்பு; எண்ணெயில் பொரிந்த கடுகுக்கு மணம் உண்டு, காரம் இல்லை. கடுகை அரைத்துத் தண்ணீரில் குழைக்கும்போது, அதில் உள்ள நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. கொதிக்கும் எண்ணெய் அந்த நொதியை அழித்துவிடுவதால் தாளிப்பில் காரம் பிறப்பதில்லை. கொரியக் கடுகு விழுது குழைத்து வைத்ததால் நாக்கை விட்டு நேரே மூக்கில் ஏறும். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் கடுகுப்பொடி போட்டு ஊறவைக்கும் ஆவக்காய் ஊறுகாயைத் தின்றவர்களுக்கு அந்த ஏற்றம் புதிதல்ல. பட்டாணி அளவு விழுதைச் சாற்றின் ஒரு மூலையில் கரைத்து, அந்தப் பக்கத்திலிருந்து குடித்துப் பாருங்கள். பிடித்தால் மேலும் சேருங்கள்.

முட்டையை எப்போது தின்பது என்பதில் கொரியர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று முதலிலேயே தின்பவர்கள் உண்டு. நான் கடைசிவரை வைத்திருந்து, மஞ்சள் கருவை மீதிச் சாற்றில் கரைத்துக் குடிக்கிறேன். பேரிக்காயை மட்டும் பாதியில் தின்னுங்கள். அதன் தித்திப்பு நாவைத் துடைத்து விட்டதுபோல் ஆக்கி, சாற்றை மறுபடியும் முதல் வாய்போல் உணரச் செய்யும்.

என் அம்மாவை ஒரு முறை அழைத்துப் போயிருந்தேன். சாற்றில் மாட்டிறைச்சி இல்லை, தோங்சிமி நீரும் கோழிச் சாறும்தான் என்று உறுதி செய்துகொண்ட இடம் அது. எழுபது வயதில் முதன்முதலாக அதைக் குடித்த அவர், முகம் சுளிக்காமல் பாதிக் கிண்ணத்தை முடித்துவிட்டு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் கிடைக்குமா என்று கேட்டார். கூழ் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த வழிகாட்டியில் பாதி தேவைப்படாது என்று அன்று தோன்றியது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

இடைப்பட்ட வாரங்களில்

ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டால், நாக்கு பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் மறுபடியும் போக முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் வீட்டில் பழகலாம். பெங்களூருவின் கொரிய மளிகைக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் நெங்மியோன் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன. இழையும் சாறும் தனித்தனியாக இருக்கும். சாற்றுப் பையை இரண்டு மூன்று மணி நேரம் உறைபெட்டியில் வைத்துப் பாதி உறைய விடுங்கள். ஈரப்பதமான இழையாக இருந்தால், கையால் தேய்த்துப் பிரித்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்காமல் எடுத்து, பனிநீரில் துணி அலசுவதுபோல் அழுத்தித் தேய்த்து நான்கு முறை அலசுங்கள். அலசிய நீர் தெளிவாக வர வேண்டும். உலர்ந்த இழைக்குப் பையில் அச்சிட்ட நேரத்தைப் பின்பற்றுங்கள். பாக்கெட் சாறு உணவகச் சாற்றைவிட இனிப்பாக இருக்கும். பயிற்சிக்கு அது போதும்.

பாக்கெட்டும் கிடைக்கவில்லை என்றால், முள்ளங்கியை வைத்தே தொடங்கலாம். வெள்ளை முள்ளங்கியை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பில் அரை மணி நேரம் புரட்டி வைத்து, ஒரு லிட்டர் ஆறிய நீருக்கு இருபது கிராம் உப்பு என்னும் கணக்கில் கரைத்து ஊற்றி, பூண்டு, இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் போட்டு மூடி வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒன்றிரண்டு நாள்களில் குமிழி வரத் தொடங்கும். லேசான புளிப்பு வந்ததும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். அந்த நீரை மதியத்தில் ஒரு டம்ளர் குடித்துப் பழகியவருக்கு, உணவகத்துச் சாறு அன்னியமாக இருக்காது.

நான்காம் கிண்ணத்தில் உங்களுக்கே ஒரு மாற்றம் தெரியும்: காடியைத் தேடிக் கை போகாது. அப்போது கூடுதல் இழை வேண்டுமென்றால் சாரி என்று சொல்லிக் கேளுங்கள். இழைக் குவியலுக்குக் கொரிய மொழியில் அதுதான் பெயர். சாறு பாதிக்கு மேல் மீதமிருக்கும்போதே அதைக் கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் இழைதான் மறுபடி வரும், சாறு வராது.